காளான் பேசுகிறது, பெட்டிக்குக் கேட்கவில்லை

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாள்தான் எனக்கு சீசன். இஞ்சினுக்கு ஒரு மெக்கானிக், பெயிண்டுக்கு ஒருவர், வலைக்கு நாலு பேர், வீல் ஹவுஸ் என்கிற சுக்கான் அறையின் ஒயருக்கு நான். சின்னமுட்டம் படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆகவே ஒரே மாவட்டத்தில் எனக்கு இரண்டு சீசன். இந்தத் தடவை வந்த கடிதங்களிலும் பாதி ஜிபிஎஸ் பற்றித்தான்.

கேள்வி: எங்கள் விசைப்படகின் வீல் ஹவுஸில் பதினெட்டு வருஷப் பழைய டிஸ்ப்ளே ஒன்று இருக்கிறது. பழசு என்றாலும் நடு வெயிலிலும் திரை பளிச்சென்று தெரியும். அதோடு வந்த ஜிபிஎஸ் ரிசீவரில் போன வருஷம் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது. ஆன்லைனில் காளான் மாதிரி ஒரு ரிசீவர் வாங்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை என்று நிறம் பார்த்து இணைத்தோம். காளானில் பச்சை லைட் சிமிட்டுகிறது. ஆனால் டிஸ்ப்ளேயில் பொசிஷன் வரவில்லை. கடையில் கேட்டால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், அண்ணே?
(விசைப்படகு உரிமையாளர், வள்ளவிளை)

பதில்: தூக்கிப் போடாதீர்கள். அநேகமாக இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்று பேசுவது மற்றதற்கு விளங்கவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் கரண்ட் என்பதுகூடப் பழக்கம்தானே தவிர, எல்லாக் கம்பெனியும் ஒப்புக்கொண்ட சட்டம் இல்லை. ஒரு கம்பெனியில் பச்சை என்றால் வெளியே பேசும் ஒயர், இன்னொரு கம்பெனியில் அதே பச்சை உள்ளே கேட்கும் ஒயர். இரண்டின் கையேட்டையும் எடுத்து எந்த ஒயர் பேசுவது, எந்த ஒயர் கேட்பது என்று ஒரு சிகரெட் அட்டையிலாவது எழுதிக்கொண்டு உட்காருங்கள். பேசுகிற ஒயர் கேட்கிற ஒயருக்குப் போக வேண்டும். வெள்ளைக்கு வெள்ளை கொடுத்தால் சில நேரம் இரண்டு வாயை ஒன்றாகக் கட்டியதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது வோல்டேஜ். உங்கள் படகு 24 வோல்ட் என்றால் உடனே நிறுத்திவிட்டுக் காளானின் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். ஆன்லைனில் வருகிற பல சின்ன ரிசீவர்கள் 5 வோல்ட்டுக்குச் செய்தவை. ட்ரோனுக்கும் வண்டிக்கும் வைப்பது. அதைப் படகின் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் ஒரு நொடிகூடத் தாங்காது. உங்களுடையது லைட் சிமிட்டுவதால் உயிரோடு இருக்கிறது. அந்த வகைக் காளானில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது பேசுகிற வோல்டேஜ், படகு டிஸ்ப்ளே எதிர்பார்ப்பதற்குத் தலைகீழாக இருக்கும். நடுவே ஒரு சின்ன மாற்றிப் பலகை வைக்காமல் காரியம் நடக்காது.

இப்போது பாஷைக்கு வருவோம். பழைய டிஸ்ப்ளேக்கள் பேசுவது என்எம்இஏ 0183 என்கிற முறை. இதில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பேசுகிற ரிசீவரில் ஏ, பி என்று இரண்டு ஒயர் இருக்கும், சிலர் பிளஸ், மைனஸ் என்று போட்டிருப்பார்கள். டிஸ்ப்ளேயின் ஏ-க்கு ஏ, பி-க்கு பி. மாறிப்போனால் ஒன்றும் எரிந்துவிடாது, ஆனால் வருவதெல்லாம் குப்பையாக வரும். ரிசீவரில் பேசுவதற்கு ஒரே ஒயர்தான் இருக்கிறதென்றால் அதை டிஸ்ப்ளேயின் ஏ-யிலும், ரிசீவரின் கிரவுண்டை டிஸ்ப்ளேயின் பி-யிலும் கொடுத்துப் பாருங்கள்.

காளானின் பிளக் வட்டமாக, ஐந்து பின்னோடு, திருகிப் பூட்டுகிற மாதிரி இருந்தால் அது என்எம்இஏ 2000. பெயரில் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு ஜாதி. அது விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில், பல கருவிகள் ஒரே கேபிளில் பேசிக்கொள்ளும் முறை. அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும். பிளக்கை வெட்டிவிட்டு ஒயரை ஒட்டினால் 0183 ஆகிவிடும் என்று நினைத்து வெட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆகாது. கேட்வே என்கிற மாற்றிப் பெட்டி வேண்டும். அதன் விலைக்குப் பழைய முறையில் பேசுகிற வேறு காளானே கிடைக்கலாம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் வேகத்தைப் பாருங்கள். பழைய டிஸ்ப்ளே எதிர்பார்ப்பது விநாடிக்கு 4800 பிட். புதுக் காளான்கள் பல 9600 அல்லது 38400-இல் பேசிக்கொண்டு பெட்டியிலிருந்து வருகின்றன. நம் தாத்தாவிடம் டிவி நியூஸ் வேகத்தில் பேசினால் அவர் என்ன செய்வார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். டிஸ்ப்ளேயும் அதையேதான் செய்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளின் லேப்டாப்பையும், யுஎஸ்பியை ஆர்எஸ் 232 ஆக்குகிற கேபிள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒன்பது பின் பிளக்கில் 2-ஆம் பின்னில் காளானின் ஏ, 5-ஆம் பின்னில் கிரவுண்ட். பி ஒயரைச் சும்மா விட்டு, நுனியில் டேப் சுற்றுங்கள். சீரியல் டெர்மினல் என்கிற இலவச மென்பொருள் ஏதாவது ஒன்றில் 4800 வைத்துத் திறந்தால், டாலர் குறியில் தொடங்குகிற வரிகள் விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். கிறுக்கலாக வந்தால் வேகத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஏதோ ஒன்றில் தெளியும். தெளிந்த வேகம்தான் உங்கள் காளானின் வேகம்.

அந்த வரிகளில் ஜிபிஆர்எம்சி என்று தொடங்குவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நேரம். காலை எட்டரைக்குப் பார்த்தால் 030000 என்றிருக்கும், பயப்பட வேண்டாம், அது கிரீன்விச் கணக்கு, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அடுத்து ஒரே ஒரு எழுத்து, ஏ அல்லது வி. ஏ என்றால் இடம் பிடித்துவிட்டது. வி என்றால் இன்னும் தேடுகிறது. புதுக் காளானைத் திறந்த வானத்தின் கீழ் ஒரு கால்மணி நேரம் விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். சாட்டிலைட்களின் முழுப் பஞ்சாங்கமும் இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதற்கடுத்துதான் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தேதி. கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்தும் வரும். அது சரிபார்ப்பு எண். வழியில் ஒரு எழுத்து கெட்டிருந்தாலும் கணக்கு ஒத்துவராது, டிஸ்ப்ளே அந்த வரியைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்ததை உங்களிடம் சொல்லாது.

இப்போது நான் சந்தேகப்படுகிற இடம். உங்கள் லேப்டாப்பில் ஜிபிஆர்எம்சி என்பதற்குப் பதில் ஜிஎன்ஆர்எம்சி என்று வருகிறதா பாருங்கள். ஜிபி என்றால் அமெரிக்க ஜிபிஎஸ் மட்டும். ஜிஎன் என்றால் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், இன்னும் பலதையும் கலந்து கணக்குப் போட்ட பொசிஷன். விஷயம் நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் டிஸ்ப்ளே செய்த காலத்தில் ஜிபி என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கச் சொல்லி வைத்திருப்பார்கள். ஜிஎன் என்று வாசலில் நின்று நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் கதவு திறக்காது. பல ரிசீவர்களில் கம்பெனி மென்பொருளைக் கொண்டு இதை ஜிபி என்று மாற்றலாம், வேகத்தையும் 4800 ஆக்கலாம். மாற்றியதைச் சேமிக்க மறந்தால், கரண்டை அணைத்ததும் பழையபடி ஆகிவிடும்.

அப்புறம் எல்லா வரிகளையும் அனுப்ப வைக்காதீர்கள். 4800-இல் விநாடிக்கு 480 எழுத்துதான் போகும். ஒரு வரி 82 எழுத்து வரை இருக்கலாம். ஆறு வரியிலேயே குழாய் நிரம்பிவிடும். ஆர்எம்சி, ஜிஜிஏ இரண்டு போதும், முதலாவதில் இடமும் வேகமும் திசையும், இரண்டாவதில் எத்தனை சாட்டிலைட் என்பதும் வந்துவிடும்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்னால், முட்டத்தில் ஒரு படகு. எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் டிஸ்ப்ளேக்கு ஆழமும் இடமும் அனுப்ப வேண்டும். டிஸ்ப்ளேயில் கேட்கிற வாசல் ஒன்றுதான். நான் இரண்டு கருவியின் ஒயரையும் முறுக்கி அந்த ஒரே வாசலில் திருகிவிட்டேன். எக்கோ தனியாக ஓடும்போது ஆழம் வந்தது. ஜிபிஎஸ் போட்டதும் இரண்டும் போயிற்று. "ரிசீவர் போச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உரிமையாளர் கடன் வாங்கிப் புது ரிசீவர் வாங்கி வந்தார். அதுவும் அப்படியே. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போதுதான் உறைத்தது, இரண்டு பேர் ஒரே காதில் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சு விளங்கும்? இரண்டு பேச்சையும் வரிசையில் நிறுத்தி அனுப்ப மல்டிபிளெக்சர் என்று ஒரு பெட்டி உண்டு என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் எக்கோவைக் கழற்றிவிட்டுப் பழைய ரிசீவரை மாட்டினேன். வந்துவிட்டது. "என்னடே, உயிரோட இருந்தவனுக்கு இல்ல நீ கல்லறை கட்டிட்டே" என்றார் அவர். கூலி வாங்கவில்லை. புது ரிசீவரின் காசை மூன்று தவணையில் கொடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு லேப்டாப்பில் கேட்காமல் எந்த ரிசீவரையும் செத்ததாகச் சொல்வதில்லை.

எல்லாம் வேலை செய்த பிறகு இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நம் உப்புக்காற்றில் சாதாரணச் செம்புக்கம்பி பச்சை பூத்து, அந்தப் பச்சை ரப்பருக்குள்ளேயே ஒரு முழம் ஏறிவிடும். வெள்ளீயம் பூசிய முறுக்கு ஜோடி ஒயர் வாங்குங்கள், பற்றவைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். வீல் ஹவுஸுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: எங்கள் ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் நிற்கிறது. கையால் மாற்றினாலும் திரும்பிப்போகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்கிறான் தம்பி.
(இரயுமன்துறை வாசகர்)

பதில்: பேய் இல்லை, வாரக் கணக்கு. ஜிபிஎஸ் சாட்டிலைட் தேதியை வருஷம் மாதமாகச் சொல்வதில்லை, இத்தனையாவது வாரம் என்று சொல்கிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 1023 வரைதான், அதன்பின் பூஜ்யம். 1980 ஜனவரியில் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரல் 6 ராத்திரி இரண்டாம் முறை திரும்பியது. பழைய ரிசீவருக்கு இது எத்தனையாவது சுற்று என்று தெரியாது. சில கருவிகள் தங்கள் பிறந்த தேதியிலிருந்து எண்ணுவதால் வேறு ஏதோ ஒரு நாளில் திடீரென்று பின்னால் போகும். நிஜத் தேதிக்கும் திரையில் உள்ளதற்கும் சரியாக 7168 நாள் வித்தியாசம் இருந்தால் நோய் இதுதான்.

கம்பெனி புது மென்பொருள் தந்திருந்தால் ஏற்றலாம். இல்லாவிட்டால் இடத்தை நம்பி ஓட்டுங்கள், தேதியைக் காலண்டரில் பாருங்கள். வேலி ஏற்றம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது), சூரிய உதயம் காட்டும் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், அது தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

கேள்வி: பக்கத்துப் படகு ஸ்ராங்கு (படகோட்டி) வயர்லெஸ்ஸில் ஒரு பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடத்தைச் சொல்லி, விலகிப் போகச் சொன்னார். அதைப் பதிந்து, விலகித்தான் வலை இழுத்தோம். வலை பாரில் கிழிந்தது. எங்கள் ஜிபிஎஸ் தப்பா, அவருடையதா?
(குளச்சல் வாசகர்)

பதில்: இரண்டும் தப்பில்லை, நடுவில் இருந்த புள்ளி தப்பு. அவர் "ஏழு, ஐம்பத்திரண்டு, நாற்பத்திரண்டு" என்று சொல்லியிருப்பார். அவர் கருவியில் அது 7 டிகிரி 52.42 மினிட். நீங்கள் 7 டிகிரி 52 மினிட் 42 செகண்ட் என்று பதிந்திருப்பீர்கள். 42 செகண்ட் என்பது 0.70 மினிட். வித்தியாசம் 0.28 மினிட், அதாவது ஏறக்குறைய 520 மீட்டர். விலகுவதாக நினைத்து நேராகவே போயிருக்கிறீர்கள். இதையே போனில் 7.5242 டிகிரி என்று போட்டிருந்தால் 21 கடல் மைல் தள்ளிப் போயிருப்பீர்கள், வலையாவது பிழைத்திருக்கும்.

கருவியின் செட்டிங்கில் டிகிரி, மினிட், மினிட்டுக்குப் பின் புள்ளி என்கிற வடிவத்தை வையுங்கள், உங்கள் குழுவில் உள்ள எல்லாப் படகிலும் அதையே வைக்கச் சொல்லுங்கள். வயர்லெஸ்ஸில் "புள்ளி" என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாப் பாரும் ஒரே பக்கமாக நூறு, இருநூறு மீட்டர் தள்ளித் தெரிந்தால் மட்டும் டேட்டம் என்ற செட்டிங், அதாவது எந்த அளவுமுறையை வைத்து இடத்தைக் கணக்கிடுவது என்பது, டபிள்யூஜிஎஸ் 84-இல் இருக்கிறதா என்று பாருங்கள். கோபுரமும் மலை முனையும் ஒரே கோட்டில் வருவதை வைத்துப் பாரைக் கண்டுபிடித்த நம் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மப்பு போட்டால் அவர்களுக்கும் மலை தெரியாது.

கேள்வி: போனிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது படகுக்குத் தனியாக எதற்கு?
(மணக்குடி வாசகர்)

பதில்: டவர் இல்லாவிட்டாலும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஃபைபர் வள்ளத்தில் கரை தெரியும் தூரத்தில் போய் வருகிறவருக்கு அது நல்ல துணை. ஈரக் கையோடு திரையைத் தொட்டுப் பாருங்கள், மிச்சம் புரியும்.

கேள்வி: துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட படகு பக்கத்தில் வந்து நின்றால் எங்கள் ஜிபிஎஸ் பொசிஷன் போய்விடுகிறது. அந்தப் படகு போனதும் வந்துவிடுகிறது. கடலில் ஒரு குறையும் இல்லை. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
(முட்டம் வாசகர்)

பதில்: நான் சிரிக்கவில்லை. 2001-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் இதே கதை நடந்தது. துறைமுகத்துக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்ததில் டிவி ஆன்டெனாவுக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயர்கள்தான் காரணம் என்று தெரிந்தது. அந்த ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனால் வாங்க வேண்டிய சிக்னலை வாங்காமல் தானே ஊளையிட ஆரம்பித்துவிடும். ஜிபிஎஸ் சிக்னல் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவது, நம்மிடம் சேரும்போது உயிர் இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன ஊளையே அதை அமுக்கப் போதும். சில மலிவு எல்ஈடி விளக்குகளின் டிரைவரும், அதாவது விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சின்னப் பலகையும், இந்த வேலையைச் செய்யும்.

அந்தப் படகுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு டீயோடு போங்கள். முதலில் டிவியை, அதிலும் மேலே உள்ள ஆன்டெனாவுக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன அடாப்டரை அணைக்கச் சொல்லுங்கள். டிவியை மட்டும் அணைத்தால் போதாது, அடாப்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் விளக்குகளை ஒவ்வொன்றாக. உங்கள் ஆளை வீல் ஹவுஸில் நிறுத்தி, பொசிஷன் வந்ததும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். அடாப்டரை அணைத்ததும்தான் பொசிஷன் வந்தது என்றால் அவர் ஜிபிஎஸ்ஸும் இத்தனை நாளாகத் திணறிக்கொண்டுதான் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது.